பரிணாம உயிரியலில் மேற்படிப்பு: கறிவேப்பிலைச் செடியிலிருந்து ஆய்வகம் வரை

வீட்டில் கறிவேப்பிலைச் செடி வைத்திருப்பவர்களுக்கு இந்தப் புழுவைத் தெரிந்திருக்கும். முதல் சில நாட்கள் இலைமேல் காய்ந்துபோன பறவை எச்சம்போல ஒட்டிக்கொண்டிருக்கும். அப்புறம் தோலுரித்துத் தோலுரித்துப் பச்சையாகித் தடித்துவிடும். குச்சியால் சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து இரட்டைக் கொம்புபோல ஒன்றை வெளியே நீட்டும், ஒரு நெடி வரும். எங்கள் வீட்டில் அம்மா அதை இலையோடு கிள்ளித் தெருவில் எறிந்துவிடுவார். விட்டுவைத்தால் அது கறிவேப்பிலை அழகி என்கிற பட்டாம்பூச்சியாகும். அறிவியல் பெயர் பாப்பிலியோ பாலிடெஸ்.

இதில் ஆண் எல்லாம் ஒரே மாதிரி: கறுப்பு இறக்கை, பின்னிறக்கையில் வெள்ளைத் திட்டுகளின் வரிசை. பெண்ணோ நம் பக்கத்தில் மூன்று வகை. ஒரு வகை ஆணைப்போலவே இருக்கும். இன்னொன்று காமன் ரோஸ் என்ற வேறொரு பட்டாம்பூச்சியைப்போல இருக்கும். மூன்றாவது கிரிம்சன் ரோஸைப்போல. இந்த இரண்டு ரோஸ்களும் ஆடுதின்னாப்பாளைக் குடும்பத்துச் செடிகளைத் தின்று அதன் நஞ்சை உடம்பில் சேர்த்துவைப்பவை. ஒருமுறை தின்று பார்த்த பறவை மறுபடி தொடாது.

"வேடம் போட்டால் பறவை தின்னாது, அதனால் வேடம் வந்தது." பி.எஸ்சி. தேர்வில் இதற்கு முழு மதிப்பெண் கிடைக்கும். மேற்படிப்பில் இதைச் சொன்னால் எதிரே இருப்பவர், "சரி, அப்போது ஆண் ஏன் வேடம் போடவில்லை? வேடம் போடாத பெண்கள் ஏன் இன்னும் மிச்சமிருக்கின்றன? இதற்கு எத்தனை மரபணு வேண்டும்? நீங்கள் சொல்வது தப்பு என்றால் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?" என்று கேட்பார். பரிணாமத்தைப்போலக் கதை சொல்ல வசதியான பாடம் உயிரியலில் வேறில்லை. அதனாலேயே, சொன்ன கதையைச் சந்தேகப்படப் பழகுவதுதான் இந்தப் படிப்பில் பெரும்பாதி. இந்த வழிகாட்டி முழுக்க அந்தப் பழக்கத்தைப் பற்றித்தான். நுழைவுத் தேர்வு, விண்ணப்பம் எல்லாம் நடுவில் வரும்.

முதலில், நீங்கள் எந்தக் கூட்டம் என்று பாருங்கள்

பரிணாம உயிரியல் என்று ஒரே வேலை கிடையாது. ஈயையோ பாக்டீரியாவையோ குடுவையில் வளர்த்து, கண்ணெதிரே பரிணாமம் நடக்கவைத்துப் பார்ப்பவர்கள் ஒரு கூட்டம். மரபணுத் தொகுப்பைக் கணினியில் அலசுபவர்கள் இன்னொரு கூட்டம். காட்டில் விலங்கின் நடத்தையைக் கவனிப்பவர்கள், உயிரினங்களின் உறவு மரத்தை வரைபவர்கள், புதைபடிவக்காரர்கள், தாளும் பேனாவும் மட்டும் வைத்துக்கொண்டு சமன்பாடு எழுதுபவர்கள் என்று மீதிப்பேர். எல்லோருக்கும் தத்துவம் ஒன்று, அன்றாடம் வேறு. ஈ ஆய்வகத்தில் சேர்ந்தவருக்குப் பொங்கலன்றும் ஈக்குச் சாப்பாடு மாற்ற வேண்டியிருக்கும். கணினிக்காரருக்கு முதுகுவலி. காட்டுக்காரருக்கு அட்டைக்கடி, வனத்துறை அனுமதிக்கான காத்திருப்பு.

ஆர்வத்தை வைத்து மட்டும் இதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். எந்தச் சலிப்பு உங்களுக்குத் தாங்கும் என்பதையும் பாருங்கள். ஐந்தாறு வருடம் அந்தச் சலிப்போடுதான் குடித்தனம்.

கணக்கு: இதைத் தள்ளிப்போட வேண்டாம்

விலங்கியலோ தாவரவியலோ படித்து வந்த நம்மில் பலர், கணக்கிலிருந்து தப்பிக்கத்தான் இந்தப் பக்கம் வந்திருப்போம். நானும் அப்படித்தான். பிளஸ் டூவோடு தலைமுழுகிய கணக்கு முதுநிலை முதல் வாரத்தில் திரும்பி வந்து நின்றது. இனக்கூட்ட மரபியல், அதாவது ஒரு கூட்டத்தில் மரபணு வகைகளின் விகிதம் தலைமுறைதோறும் மாறும் கணக்கு, தெரியாமல் பரிணாமம் படிப்பது சுருதி தெரியாமல் பாட்டு கற்பதுபோல. பாடலாம், ஆனால் எங்கே பிசகுகிறது என்று நமக்கே தெரியாது.

ஆரம்பத்துக்கு அதிகம் தேவையில்லை. நிகழ்தகவு, கொஞ்சம் நுண்கணிதம், நேரியல் இயற்கணிதத்தின் முதல் சில பாடங்கள், ஒழுங்கான புள்ளியியல், இவை போதும். ஹார்டி-வீன்பெர்க் சமன்பாட்டை எல்லோரும் பள்ளியில் மனப்பாடம் செய்திருப்போம். அதை நம் பட்டாம்பூச்சியில் போட்டுப் பார்க்கலாம்.

நூறு பெண்களைப் பிடித்தீர்கள் என்று வையுங்கள். கணக்குக்காக ஒரு எண்ணை எடுத்துக்கொள்வோம்: 64 பெண்கள் ஆணைப்போல இருக்கின்றன, 36 வேடம் போட்டிருக்கின்றன. இரண்டு வேடங்களையும் ஒன்றாகவே சேர்த்துக்கொள்ளுங்கள். வேடத்துக்கான அல்லீல் (மரபணுவின் மாற்று வடிவம்) ஓங்கியது, ஒன்று இருந்தாலே வேடம் வந்துவிடும். ஆகவே வேடம் போடாதவை இரண்டு ஒடுங்கு அல்லீலும் கொண்டவை. ஒடுங்கு அல்லீலின் அளவைக் கண்டுபிடிக்க இதை இரண்டால் வகுக்கக் கூடாது, வர்க்கமூலம் எடுக்க வேண்டும்: 0.64-இன் வர்க்கமூலம் 0.8. அப்படியானால் வேட அல்லீல் 0.2 மட்டுமே. ஐந்தில் ஒரு பங்கு அல்லீல், மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான பெண்களுக்கு வேடம் போட்டுவிடுகிறது. இரண்டு வகை அல்லீலும் ஒவ்வொன்று உள்ள பெண்கள் 32, இரண்டும் வேட அல்லீலாக உள்ளவை வெறும் 4.

இப்போது ஆண்களுக்கு வாருங்கள். அவற்றிலும் நூற்றுக்கு 36 அதே அல்லீலைச் சுமக்கின்றன. வெளியே ஒன்றும் தெரியாது. அதாவது இந்த அல்லீல் பாதி நேரம் தேர்வின் கண்ணில் படாமலே தலைமுறை கடக்கிறது. வேடத்தால் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கும் நன்மையை அப்படியே அல்லீலின் நன்மை என்று எழுதினால் கணக்கு தப்பிவிடும். மூன்று வரிக் கணக்குத்தான், ஆனால் இதைப் போட்ட பிறகு பழைய கதை வாயில் அவ்வளவு சுலபமாக வராது.

அடுத்தது தற்செயல். ஆய்வகத்தில் எல்லோரும் டிரிஃப்ட் என்றுதான் சொல்வார்கள். இதைப் படித்துப் புரிந்துகொள்வதைவிடக் கையால் செய்து பார்ப்பது மேல். சமையலறையிலிருந்து கறுப்புக் கொண்டைக்கடலை பத்து, வெள்ளைக் கொண்டைக்கடலை பத்து எடுத்து ஒரு கிண்ணத்தில் போடுங்கள். கண்ணை மூடி ஒன்றை எடுத்து, நிறத்தைக் குறித்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். இருபது தடவை. வந்த கணக்குப்படி அடுத்த கிண்ணத்தை நிரப்புங்கள். அதுதான் அடுத்த தலைமுறை. மறுபடி, மறுபடி. எந்த நிறத்துக்கும் எந்தச் சலுகையும் இல்லை. இருந்தும் ஒரு கட்டத்தில் கிண்ணம் முழுக்க ஒரே நிறமாகிவிடும். சில சமயம் பத்துத் தலைமுறையிலேயே முடிந்துவிடும், சில சமயம் ஐம்பதைத் தாண்டும். சராசரி சுமார் 28. மூன்று தடவை செய்தால் கை ஓய்ந்துவிடும். அப்போது ஆர் (R) என்ற கணினி மொழிக்குப் போங்கள். பைனாமியல் எண் தருகிற ஒரே கட்டளையை ஒரு சுழற்சிக்குள் வைத்தால் ஆயிரம் கிண்ணங்களை ஒரு நொடியில் ஓட்டிவிடலாம். நிரல் எழுதக் கற்பதற்கு இதைவிட நல்ல முதல் பாடம் எனக்குத் தெரியவில்லை.

இதோடு இன்னொரு எண்ணையும் மனதில் வையுங்கள். மரபியலாளர் ஹால்டேன் 1927-இல் போட்ட கணக்கு: நன்மை தருகிற ஒரு புதிய சடுதிமாற்றம் பெரிய இனக்கூட்டம் முழுக்கப் பரவி நிலைப்பதற்கான வாய்ப்பு, அந்த நன்மையின் அளவைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்குதான். ஒரு சதவீத நன்மை என்றால் இரண்டு சதவீத வாய்ப்பு. நல்லதே ஆனாலும் நூற்றில் 98 தடவை பிறந்த சில தலைமுறைகளில் தொலைந்துபோகும். "நல்லது நிலைக்கும்" என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தது எவ்வளவு அரைகுறை என்று இங்கேதான் உறைக்கும். இந்த ஹால்டேன் 1957-இல் இந்தியாவுக்கே குடிவந்து, கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் வேலை பார்த்து, 1964-இல் புவனேஸ்வரத்தில் இறந்தவர். வேட்டி ஜிப்பாவோடு அவர் நிற்கும் படங்களை இணையத்தில் பார்க்கலாம்.

மரத்தைப் படிக்கத் தெரிய வேண்டும்

உறவு மரத்தைப் படிப்பதில் முதுநிலை மாணவர்களே வழுக்குவார்கள். கிளை நுனிகளை இடமிருந்து வலமாக வாசித்து, ஓரத்தில் இருப்பதுதான் உயர்ந்தது என்று எடுத்துக்கொள்வார்கள். கிளைகளை எந்தக் கணுவிலும் திருப்பிப் போடலாம், கொலுப்படியில் பொம்மையை இடம் மாற்றுவதுபோல, உறவு மாறாது. பார்க்க வேண்டியது இரண்டு நுனிகள் எந்தக் கணுவில் சேர்கின்றன என்பதை மட்டுமே. இது கைவந்துவிட்டால், "குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் குரங்கு ஏன் இன்னும் இருக்கிறது?" என்ற மாமாவின் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும். சிம்பன்சி நம் தாத்தா இல்லை, பங்காளி.

மரம் வரைகிற மென்பொருளில் மெகாவில் தொடங்கி ஐக்யூ-ட்ரீ, பீஸ்ட் என்று போகலாம். ஜென்பேங்க் என்ற இணையத் தரவுத்தளத்தில் மரபணு வரிசைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பொத்தானை அழுத்தினால் எந்தக் குப்பைக்கும் ஒரு மரம் வந்துவிடும், அதுதான் ஆபத்து.

ஆய்வுக் கட்டுரையை எப்படி வாசிப்பது

ஒரு பெரிய பொதுப் பாடநூலை முதல் வருடத்திலேயே அட்டை முதல் அட்டை வரை முடித்துவிடுங்கள். அதன் பிறகு கட்டுரைகள். தனித்தனியாகப் பொறுக்கி வாசிப்பதைவிட, ஒரே கேள்வியைத் தொட்டுக்கொண்டு போகிற சங்கிலியாக வாசிப்பது நல்லது. நம் கறிவேப்பிலை அழகியே அப்படி ஒரு சங்கிலி தருகிறது.

மலாய்த் தீவுகளில் அலைந்த இயற்கையியலாளர் வாலஸ், ஒரே இனத்தின் பெண்கள் இத்தனை உருவில் இருப்பதை 1865-இல் எழுதினார். அதுவரை இவற்றை வேறு வேறு இனம் என்றே பலர் எண்ணியிருந்தார்கள். 1910-களில் ஃபிரையர் என்பவர் இலங்கையில் இந்தப் பட்டாம்பூச்சியை வளர்த்து, தலைமுறை தலைமுறையாகக் கலப்புச் செய்து கணக்கெடுத்தார். பத்தாம் வகுப்பில் கட்டம் போட்டோமே, அந்தக் கட்டத்துக்குச் சொந்தக்காரரான புன்னெட் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, வேடம் ஒரே தாவலில் வந்திருக்க வேண்டும் என்றார். புள்ளியியலாளரும் மரபியலாளருமான ஃபிஷர் ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் கொஞ்சம் ஒத்த உருவம் வந்து, பிறகு மற்ற மரபணுக்கள் அதைப் படிப்படியாக மெருகேற்றியிருக்கும் என்பது அவர் கட்சி. 1972-இல் கிளார்க், ஷெப்பர்ட் என்ற மரபியலாளர்கள் விரிவான கலப்புகள் செய்து, வேடம் ஒரே இடத்திலுள்ள மரபுக்கூறால் தீர்மானிக்கப்படுகிறது என்று உறுதிப்படுத்தினார்கள். அந்த ஒரே இடத்தில், இறக்கை நிறத்துக்கு ஒன்று, வடிவத்துக்கு ஒன்று என்று பல மரபணுக்கள் நெருங்கி உட்கார்ந்திருக்கும் என்பது அன்றைய பொது நம்பிக்கை. சூப்பர்ஜீன் என்று பெயரும் வைத்தாயிற்று.

2014-இல் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையமான என்.சி.பி.எஸ்.-இன் கிருஷ்ணமேக் குண்டேயும் சிகாகோ குழுவினரும் நேச்சர் இதழில் வெளியிட்ட கட்டுரையில், அந்த இடத்தில் இருந்தது ஒரே மரபணு. அதுவும் புதிதாக ஏதோ ஒன்று இல்லை. பூச்சிகளில் ஆண் பெண் வேறுபாட்டைக் கவனித்துக்கொள்கிற டபுள்செக்ஸ் என்ற பழைய மரபணு. பெண்ணில் மட்டும் வேடம் ஏன் என்ற கேள்விக்கு இது பெரிய துப்பு. ஒரே மரபணுதான், ஆனால் வேட அல்லீலில் மாற்றங்கள் ஒன்றல்ல, ஏராளம். புன்னெட் ஜெயித்தாரா, ஃபிஷர் ஜெயித்தாரா? இதை உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதிப் பாருங்கள். எந்த நேர்முகத்துக்கும் இதுவே பாதி தயாரிப்பு.

ஒவ்வொரு கட்டுரையிலும் முதலில் படங்களைப் பாருங்கள், பிறகு முறைகள், பிறகு முடிவுகள். முன்னுரையையும் விவாதத்தையும் கடைசியில் வையுங்கள். அவைதான் கதைப் பகுதி. முதலிலேயே படித்தால் ஆசிரியரின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தரவைப் பார்ப்போம். படத்தைப் பார்த்து நாமே ஒரு முடிவு எழுதிவிட்டு அவர்களுடையதோடு ஒப்பிட வேண்டும். ஆரம்பத்தில் ஒரு கட்டுரைக்கு இரண்டு நாள் ஆகும். ஆகட்டும்.

கூல்ட், லெவோன்டின் என்ற இரண்டு உயிரியலாளர்கள் 1979-இல் எழுதிய கட்டுரையையும் தவறவிடாதீர்கள். வெனிஸ் நகரத்து தேவாலயத்தில் வளைவுகள் சேரும் முக்கோண மூலைகளில் அழகான ஓவியங்கள் இருக்கின்றன. ஓவியத்துக்காகவா மூலை கட்டினார்கள்? வளைவைக் கட்டினால் மூலை தானாக வரும், வந்த இடத்தில் வரைந்தார்கள். உயிரின் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு பயன் கற்பிக்கிறவர்களுக்கு இது நல்ல குட்டு. கொஞ்சம் மிகைதான் என்று எனக்குப் படும், ஆனால் ஒருமுறை குட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

கை அழுக்காக வேண்டும்

படிக்கும்போதே கோடை விடுமுறையில் ஒரு ஆய்வகத்துக்குள் போய்விடுங்கள். மூன்று அறிவியல் அகாதமிகள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வு உதவித்தொகை இருக்கிறது, பெங்களூரு ஜக்கூரிலுள்ள ஜவஹர்லால் நேரு மையத்துக்குத் தனியாக ஒன்று இருக்கிறது. இரண்டுக்கும் கோடைக்குப் பல மாதம் முன்பே விண்ணப்பம் முடிந்துவிடும். தீபாவளி சமயத்திலிருந்தே இணையதளத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

நான் முதலில் நுழைந்தது ஒரு பழ ஈ அறை. கதவைத் திறந்ததும் வாழைப்பழமும் வெல்லமும் புளித்த வாசம். இங்கே பல ஆய்வகங்களில் ஈக்குச் சாப்பாடே அதுதான். முட்டை ஈயாக ஒன்பது, பத்து நாள். கலப்புக்குக் கன்னிப்பெண் ஈக்கள் வேண்டும். கூட்டுப்புழுவிலிருந்து வெளியே வந்து எட்டு மணி நேரத்துக்குள் பிரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கூடிவிடும். கார்பன் டை ஆக்சைடால் மயக்கி, வெள்ளைத் தட்டில் கொட்டி, மைக்ராஸ்கோப்பின் கீழ் பெயிண்ட் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தள்ளுவோம். ஆணுக்கு வயிற்று நுனி கறுப்பு, முன்காலில் சீப்பு. முதல் நாள் முன்னூறு ஈ பிரித்தேன். நான்கைந்து நாள் கழித்து ஒரு காலையில் சீனியர் அக்கா ஒரு குடுவையைத் தூக்கிக் காட்டினார். என் "கன்னி" ஈக்களின் குடுவையில் புழு நெளிந்தது. ஒரே ஒரு ஆண் உள்ளே போயிருந்தாலும் போதும். முன்னூறும் குப்பைக்கு. "முதல் வாரம் எல்லோருக்கும் இப்படித்தான்பா" என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

இந்த வேலை எதற்கு என்றால், பரிணாமத்தைப் பரிசோதனையாகவே நடத்தலாம் என்பதை இது காட்டிவிடும். அமெரிக்காவில் லென்ஸ்கி 1988 பிப்ரவரியில் ஒரே பாக்டீரியாவிலிருந்து பன்னிரண்டு குடுவைகளைத் தொடங்கினார். தினமும் நூற்றில் ஒரு பங்கைப் புதுக் குடுவைக்கு மாற்றுவார்கள். 500 தலைமுறைக்கு ஒருமுறை ஒரு பகுதியை உறைய வைப்பார்கள். சுமார் 31,500 தலைமுறைக்குப் பிறகு பன்னிரண்டில் ஒரே ஒரு குடுவை மட்டும் காற்றுள்ள நிலையில் சிட்ரேட் என்ற உப்பைத் தின்னக் கற்றிருந்தது. உறையவைத்த மூதாதைகளை எழுப்பி மறுபடி ஓட்டியபோது, பிந்தைய தலைமுறைகளிலிருந்து தொடங்கியவற்றில்தான் அந்தத் திறன் மீண்டும் வந்தது. முன்பே ஏதோ ஒரு மாற்றம் வழி போட்டுவைத்திருந்தது என்று அர்த்தம். பழைய தலைமுறையை ஃபிரீசரிலிருந்து எடுத்து எதிரே நிறுத்திக் கேட்க முடிகிற வசதி வேறு எந்த வரலாற்றுக்காரருக்கு உண்டு?

எங்கே படிக்கலாம்

தமிழ்நாட்டிலேயே தொடங்கலாம். மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலும் வனவிலங்கு உயிரியல் முதுநிலை இருக்கிறது. களத்தில் நடக்கப் பழக நல்ல இடங்கள். கணக்கையும் மரபியலையும் நீங்களாகச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

நாட்டில் இந்தத் துறையின் மையம் பெங்களூரு என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இந்திய அறிவியல் கழகத்தின் சூழலியல் மையத்தில் ராகவேந்திர கடக்கர் ஒரு சாதாரணக் குளவியை வைத்துப் பல பத்தாண்டுகள் தன்னலமின்மையை ஆராய்ந்தார். அங்கேயே கார்த்திக் சுனகர் பாம்பு நஞ்சின் பரிணாமத்தைப் பார்க்கிறார். என்.சி.பி.எஸ்.-இல் பட்டாம்பூச்சிக்குக் குண்டே, பாக்டீரியாவுக்கும் வண்டுக்கும் தீபா அகாஷே, புலிகளின் மரபியலுக்கு உமா ராமகிருஷ்ணன். ஜக்கூரில் அமிதாப் ஜோஷி வளர்த்த பழ ஈ மரபிலிருந்து வந்தவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள். ஐசர் என்ற இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனங்களில், மொகாலி ஐசரில் என்.ஜி. பிரசாத், புனே ஐசரில் சுதீர்த்த டே. நம் சோலைக்காட்டுப் பறவைகளில் ஆர்வமென்றால் திருப்பதி ஐசர். நீலகிரியிலும் பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கேயும் வாழும் சோலைப் பறவைகள் எவ்வளவு காலமாகப் பிரிந்திருக்கின்றன என்று மரபணுவில் காட்டி, 2017-இல் அவற்றில் சிலவற்றுக்குச் சோலிகோலா என்று புதுப் பேரினமே வைத்த குழுவின் வி.வி. ராபின் அங்கே இருக்கிறார். பெயரிலேயே சோலை இருக்கிறது பாருங்கள்.

நிறுவனத்தின் பெயரைவிட வழிகாட்டி முக்கியம். இதை எல்லோரும் சொல்வார்கள், யாரும் கேட்பதில்லை. அந்த ஆய்வகத்தில் இப்போது படிக்கும் இரண்டு பேரிடமாவது பேசுங்கள். "சார் எப்படி?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் "நல்லவர்" என்றுதான் சொல்வார்கள். "கடைசியாக முடித்தவருக்கு எத்தனை வருடம் ஆனது? நடுவில் விட்டுப் போனவர் உண்டா?" என்று கேளுங்கள்.

நுழைவுத் தேர்வுகள், சுருக்கமாக

ஆய்வு உதவித்தொகைக்கான தேசியத் தேர்வான சி.எஸ்.ஐ.ஆர். நெட்டின் உயிரியல் பாடத்திட்டத்தில் 11-ஆவது அலகே பரிணாமமும் நடத்தையும்தான்; 10-ஆவது சூழலியல். மூன்று மணி நேரம், 200 மதிப்பெண். சி பகுதியில் 75 கேள்வியில் 25-ஐ மட்டும் எழுதினால் போதும் என்பதால், எதைத் தொடாமல் விடுவது என்று தெரிந்தவருக்குத்தான் மதிப்பெண். ஜே.ஆர்.எஃப். என்கிற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023 தொடக்கத்திலிருந்து மாதம் 37,000 ரூபாய், சீனியர் ஆனால் 42,000. வீட்டுவாடகைப் படி தனி. கேட் (GATE) தேர்வில் சூழலியலும் பரிணாமமும் என்று ஈ.ஒய். என்ற தனித் தாளே இருக்கிறது. கணக்கும் அதில் உண்டு. ஜெகீபில்ஸ் என்கிற கூட்டு நுழைவுத் தேர்வுதான் என்.சி.பி.எஸ். போன்ற இடங்களுக்கு வாசல். அதில் மனப்பாடத்தைவிட ஒரு வரைபடத்தைப் பார்த்து யோசிக்கிற கேள்விகள் அதிகம், தவறுக்கு மதிப்பெண் குறையும். பி.எஸ்சி. முடித்து நேராக ஒருங்கிணைந்த முனைவர் படிப்புக்குப் போக ஜாம் (JAM) என்ற தேர்வு. நான்கு வருட இளநிலை படித்து 75 சதவீதம் எடுத்தவர்கள் முதுநிலை இல்லாமலே முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்க 2022-இன் யு.ஜி.சி. விதி இடம் தருகிறது.

வெளிநாடு என்றால் இரண்டு வழி. அமெரிக்காவில் இளநிலை முடித்து நேராக முனைவர் பட்டம்; ஐந்தாறு வருடம், பாடம் நடத்தி உதவித்தொகை வாங்கலாம், பெரும்பாலும் டிசம்பரில் விண்ணப்பக் கெடு. ஐரோப்பாவில் பொதுவாக முதுநிலை வேண்டும், முனைவர் பட்டம் மூன்று நான்கு வருடம், வேலை விளம்பரம்போல ஆண்டு முழுக்க அறிவிப்பு வரும். அங்கே முதுநிலைக்கு மீம் என்ற எராஸ்மஸ் திட்டம் பரிணாம உயிரியலுக்கென்றே இருக்கிறது: குரோனிங்கன், மோன்பெலியே, மியூனிக், உப்சாலா என்று ஊர் மாறி மாறிப் படிக்கலாம்.

மின்னஞ்சல்

பேராசிரியர்களுக்கு நாம் அனுப்புவது பெரும்பாலும் இப்படி இருக்கும்: "மதிப்பிற்குரிய ஐயா, எனக்குச் சிறுவயது முதலே பரிணாமத்தில் மிகுந்த ஆர்வம். தங்களின் மதிப்புமிக்க ஆய்வகத்தில் பணியாற்ற ஒரு வாய்ப்பு அளித்தால் கடமைப்பட்டிருப்பேன்." எந்த ஆய்வகத்துக்கும் பொருந்துவதால் எந்த ஆய்வகமும் பதில் போடாது.

இப்படி எழுதலாம்: "உங்கள் கட்டுரையில் மூன்றாவது படத்தில் வறண்ட காலத்துப் பெண்களின் எண்ணிக்கை குறைவாக இருக்கிறது. அதைச் சேர்க்காமல் கணக்கிட்டாலும் அதே முடிவு வருமா என்று உங்கள் பொதுத் தரவை எடுத்து ஓட்டிப் பார்த்தேன்; வருகிறது, ஆனால் விளைவின் அளவு சிறுக்கிறது. என் நிரலை இணைத்திருக்கிறேன். டிசம்பர் முதல் ஆறு மாதம் உங்களிடம் வேலை கற்க விரும்புகிறேன்." நான்கு வரி. கெஞ்சல் இல்லை. தவறாக ஓட்டியிருந்தாலும் பதில் வரும், தவறைத் திருத்தவாவது. இன்னொன்று: பெங்களூரு ஆய்வகங்கள் பலவற்றில் பேராசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். சார், மேடம் என்றே வளர்ந்த நமக்கு நாக்கு எழாது. எனக்கு ஆறு மாதம் ஆனது, அதுவரை எந்தப் பெயரும் சொல்லாமல் "எக்ஸ்கியூஸ் மீ"யிலேயே ஓட்டினேன்.

நேர்முகத்தில் கரும்பலகையில் ஏதாவது வரையச் சொல்வார்கள். என்னிடம் "ஆண் ஏன் வேடம் போடவில்லை?" என்ற கேள்வியேதான் வந்தது. முட்டை சுமக்கும் பெண் மெதுவாகப் பறப்பதால் பறவையிடம் அதிகம் மாட்டும், ஆகவே வேடத்தின் பயன் அதற்கே அதிகம் என்றேன். "இன்னொரு காரணம்?" பெண்கள் பழைய உருவ ஆண்களையே விரும்பலாம் என்றேன். "இரண்டில் எது என்று எப்படிப் பிரிப்பாய்?" அங்கேதான் உண்மையான நேர்முகம் தொடங்குகிறது. ஆணின் இறக்கையில் மை பூசி வேடம் போட்டுவிட்டு, பெண்கள் ஏற்கின்றனவா என்று பார்க்கலாம் என்றேன். மை வாசனை குழப்பாதா என்றார் ஒருவர். அதே மையைப் பழைய நிறத்தின்மேலேயே பூசிய ஆண்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்ல எனக்கு அரை நிமிடம் ஆனது. அந்த அரை நிமிடத்தை யாரும் அவசரப்படுத்தவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு யோசிக்கத் தொடங்குகிறவரைத்தான் அவர்கள் தேடுகிறார்கள்.

சேர்ந்த பிறகு, முதல் வருடம்

பாடங்கள் ஒருபக்கம் ஓடும். மறுபக்கம் கேள்வியைச் சுருக்குங்கள். "மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளின் பரிணாமம்" என்பது ஆயுள் வேலை. ஒரு கணவாய், இரண்டு இனம், ஒரு பண்பு என்று இறங்கி வாருங்கள். வேலை தொடங்குமுன் ஆர்-இல் போலித் தரவு உருவாக்கி, நீங்கள் திட்டமிடும் எண்ணிக்கையில் மாதிரி எடுத்தால் விளைவு கண்ணில் படுமா என்று ஓட்டிப் பாருங்கள். நாற்பது மாதிரி போதாது என்று கணினி முன்னால் தெரிந்துகொள்வதற்கு ஒரு மதியம் போதும். காட்டில் போய்த் தெரிந்துகொள்ள இரண்டு பருவம் ஆகும்.

காட்டு வேலையென்றால் வனத்துறை அனுமதிக்கு முதல் மாதமே எழுதுங்கள். காப்பகத்துக்குள் போக ஒன்று, மாதிரி எடுக்க ஒன்று, அடுத்த மாநிலத்துக்கு வேறொன்று என்று கோப்பு நகரும். மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் 2002-இன் உயிரியல் பல்வகைமைச் சட்டப்படி சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் வழியாகப் போக வேண்டும். கோப்பு நகரும் மாதங்களில் பழைய தரவை அலசுங்கள், நிரல் எழுதுங்கள், கறிவேப்பிலைச் செடியில் முட்டை எண்ணுங்கள்.

கடைசியாக, மாதிரிக் குப்பிகளைப் பற்றி. எத்தனால் ஊற்றிய குப்பியின்மேல் மார்க்கர் பேனாவால் எழுதாதீர்கள். ஒரு சொட்டுக் கசிந்தாலும் எழுத்து கரைந்துவிடும். நல்ல தாளில் பென்சிலால் இடம், தேதி, எண் எழுதிக் குப்பிக்குள்ளேயே போட்டுவிடுங்கள், பென்சில் கரையாது. அதே எண்ணை நோட்டிலும் அன்றிரவே ஏற்றுங்கள். என் முதல் களப்பயணத்துக் குப்பிகளில் நாற்பது இன்னும் ஃபிரீசரின் கீழ்த் தட்டில் இருக்கின்றன. உள்ளே பட்டாம்பூச்சிக் கால்கள் பத்திரமாக இருக்கின்றன. எந்த மலையிலிருந்து எடுத்தவை என்றுதான் தெரியவில்லை.